ஓடைக்கரைக்கு வளைந்த ரோடு

கொம்பன்குறிச்சியில் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது ரோடு; மற்றதெல்லாம், வரப்பு, வேலி, மனுசர் வாயிலிருந்து வருகிற பேச்சு உட்பட, கோணலும் மாணலும்தான். மேற்கே காற்றாடிகள் நிற்கிற மேட்டில் தொடங்கி கிழக்கே ரயில்வே கேட் வரைக்கும் எட்டு கிலோமீட்டருக்கு ஒரு நெளிவு கிடையாது, ஒரு சுளிவு கிடையாது. அப்படிப்பட்ட ரோடு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடுப்பை ஒடித்து வடக்கே திரும்பி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த ஓடைக்கரை என்கிற ஐம்பது வீட்டுக் குடியிருப்பைத் தொட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரித் திரும்பி வந்து பழைய தடத்தில் சேர்ந்துகொண்டது என்றால், அதற்குக் காரணம் நெடுஞ்சாலைத் துறையும் இல்லை, ஓட்டுக் கேட்டு வந்த எவரும் இல்லை, மாடக்கண்ணு கொத்தனாரின் இடது கண்தான். நம்பாதவர்கள் ஓடைக்கரைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம், இப்போதுதான் பஸ் போகிறதே.

கொத்தனாருக்கு அப்போது வயசு ஐம்பத்தாறு. நூலும் கட்டுவார், தூக்குக்குண்டும் விடுவார், ஆனால் அதெல்லாம் வீட்டுக்காரர்களின் மனசமாதானத்துக்கு. கடைசித் தீர்ப்பு கண்ணுடையது. கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி, வலது கண்ணை இறுக்கிப் பொத்தி, இடது கண்ணைச் செங்கல் வரிசையோடு ஒட்டவைத்து ஒரு பார்வை பார்ப்பார். "ஏழாவது கல்லு ஒரு நூலு வெளியே நிக்கி" என்பார். டேப்பை வைத்து அளந்தால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சரியாக ஒரு நூல், வெளியேதான் நிற்கும். முப்பது வருசமாக அந்த ஒரு கண்ணை நம்பித்தான் கொம்பன்குறிச்சியில் சுவர் எழுந்தது.

விதி பாருங்கள், இரண்டு கண்ணில் அந்தக் கண்ணைத்தான் தேடிப் பிடித்தது. பால்பண்ணை செல்வராசு வீட்டுக்குக் காம்பவுண்டு கட்டிக்கொண்டிருந்த அன்றைக்குக் காலையில், வழக்கம்போல வலது கண்ணைப் பொத்திப் பார்த்தால், சுவர் நடுவில் ஆறு மாசக் கர்ப்பிணியாக நின்றது. சித்தாளைத் திட்டினார், கலவையைத் திட்டினார், சூளைக்காரனையும் அவன் பரம்பரையையும் திட்டினார், பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். மறுபடியும் வயிறு. மூன்றாம் தடவை பிரிக்கப் போனபோது செல்வராசு வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"கொத்தனாரே, ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாதயும். நீரு பாக்குத வரைக்கும் சுவரு நேராத்தான் நின்னுச்சு. நீரு பாத்த பெறகுதான் வளையுது."

தடவிப் பார்த்தார்கள். ஆமாம், கண்ணுக்கு மட்டுமல்ல, கைக்கும் வளைந்துதான் இருந்தது. செல்வராசு ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "சரி, அந்தக் குழிக்குள்ள ஒரு செம்பருத்தி வச்சிருவோம்" என்று உள்ளே போய்விட்டார்; அவருக்குப் பால் கறக்கிற நேரம்.

கொத்தனார் பெண்சாதி சண்முகக்கனி அப்படி விடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் தலைவாரிக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தவளை, கண்ணில் என்னவோ உறுத்துகிறது என்று வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு கொத்தனார் ஏறிட்டுப் பார்க்க, நடு உச்சியில் ஓடிய வகிடு ஓடை மாதிரி வளைந்து காதோரத்தில் போய் இறங்கிவிட்டது. சீப்பை எடுத்து மூன்று தடவை நேராக்கிப் பார்த்தாள், நேராகவில்லை. அப்புறம் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள்.

"என் மூஞ்சியில என்ன தெரியுது?"

"கம்மல் தெரியுது. மோவாய் தெரியுது."

"மூக்கு?"

கொத்தனார் கொஞ்சநேரம் தேடினார். "மூக்கைக் காணோம்ட்டி. அந்த இடத்துல புகை மாதிரி நிக்கி."

முப்பது வருசமாகப் பார்த்த மூக்கைக் காணோம் என்றதும் சண்முகக்கனி டவுனுக்குப் போகப் பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக ரோட்டுக்கு இழுத்துப் போய்ப் பஸ் ஏற்றி, டவுன் கண்ணாஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

அங்கே இருந்த டாக்டர் நஸ்ரின் சின்ன வயசுக்காரி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, அந்தப் படத்தை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் காடு தீப்பிடித்துக் கிடந்தது. "ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோற குழாய்ல அடைப்பு விழுந்திருக்குய்யா. பின்னாடி ரத்தம் கசிஞ்சு, பார்வைக்கு நடு இடத்துல நீர் கோத்திருக்கு. உங்களுக்குப் பிரஷர் இருக்கு, அதுவும் ஒரு காரணம். மாத்திரை ஒரு நாள் விடக்கூடாது." பிறகு சதுரம் சதுரமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்த அட்டையை நீட்டி, தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி இதைப் பார்க்க வேண்டும், கோடு வளைந்து தெரிந்தால் நீர் கூடியிருக்கிறது என்று அர்த்தம் என்றாள். கொத்தனார் இடது கண்ணால் பார்த்தார். அட்டையில் இருந்த கோடெல்லாம் காற்றடித்த கொசுவலை மாதிரி உப்பிக்கொண்டது. டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்து, மேசைக்குள் போட்டுவிட்டு, புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்திருப்பாள் போல.

"மருந்து?" என்றாள் சண்முகக்கனி.

"ஊசிதாம்மா. மாசம் ஒண்ணு. எத்தனைன்னு போகப்போகத்தான் சொல்ல முடியும். ஆனா தள்ளிப்போடாதீங்க. ரெண்டு மூணு மாசம் இப்படியே கிடந்தா நடுவுல தழும்பு விழுந்துரும், அப்புறம் எந்த ஊசிக்கும் பார்வை திரும்பாது."

"ஊசி கையிலதானே?" என்றார் கொத்தனார்.

"கண்ணுலய்யா."

அறுபதடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று பூசுகிற மனுசன்தான், ஆனால் ஊசி என்றால் வேறு கதை. பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தபோது கோழிக்கூடைக்குள் புகுந்துகொண்டு, சாயங்காலம் கோழிகளோடு சேர்த்து வெளியே எடுக்கப்பட்டவர். "திங்கக்கிழமை வாரேம்மா, ஒரு கான்கிரீட் வேலை பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அது நடந்தது. ரயில்வே கேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி நின்றபோது, இந்தக் கண்ணில் இன்னும் என்னதான் மிச்சம் இருக்கிறது பார்ப்போம் என்று மனசு கேட்காமல், கொத்தனார் முழங்காலை மடக்கி, வலது கண்ணைப் பொத்தி, எட்டு கிலோமீட்டர் ரோட்டையும் ஒரு சுவர் மாதிரி நீளப் பார்த்துவிட்டார். ரோடு முனகக்கூட இல்லை. புளியமரங்கள் ஒதுங்கி வழிவிட, சின்னப் பாலம் ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு, வடக்கே சாய்ந்து ஓடைக்கரை வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறரை வண்டியை ஓட்டி வந்த சவரிமுத்து, ரோடு போன பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினான். ரோடு எங்கே போகிறதோ அங்கே போவதற்குத்தானே டிரைவர். இந்தச் சவரிமுத்து ஒரு தனிப்பிறவி, ஒரு தடம் அவன் கைக்குள் போய்விட்டால் லேசில் வெளியே வராது. டவுனில் பஸ் ஸ்டாண்டை இடம் மாற்றின பிறகும் ஒரு வருசம் பழைய ஸ்டாண்டுக்கே வண்டியைக் கொண்டுபோய், காய்கறிக் கடைகளுக்கு நடுவில் நிறுத்தி, ஆள் இறக்கினவன். அதிகாரி கூப்பிட்டு மெமோ கொடுத்தார், அதையும் பழைய ஸ்டாண்டில் வைத்துத்தான் வாங்கினான். அவன் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தியபோது அங்கே அற்புதமணி பீடித்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். முட்டு தேய்ந்தவள், கடைக்குப் போய்ப் பீடியைக் கொடுத்து இலை வாங்கி வர, ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் தினமும் நொண்டி நொண்டி நடப்பாள், பதினெட்டு வருசமாக. பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இங்கதான் நிக்குமா?"

"நிக்குதுல்லா, ஏறு தாயி" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

அதற்கு மேல் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை, ஏன் என்றால் நல்லது நடக்கும்போது நோண்டிக் கேட்டால் அது கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது ஓடைக்கரைக்காரர்களுக்குத் தெரியும். பழைய ரோட்டோரத்தில் டீக்கடை போட்டிருந்த லூர்து இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் பாய்லரைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோடு போன இடத்துக்கே போய்ச் சேர்ந்தான். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து, மேப்பைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி மேப்பைப் பார்த்தார், கடைசியில், ரோட்டை அழிக்க ரப்பர் கிடையாது என்ற முடிவுக்கு வந்து, மேப்பில் பென்சிலால் ஒரு வளைவு போட்டு, லூர்து கடையில் இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார்.

கொத்தனாருக்கு வந்தது பாருங்கள் ஒரு யோகம். ஆர்ச்சு வைத்த வாசல் வேண்டும் என்றவர்கள் நேராகக் கட்டிவிட்டு அவரை அழைத்தார்கள், ஒரு பார்வையில் ஆர்ச்சு விழுந்தது. புருவம் நேராக வாய்த்த பெண்பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் வந்து நின்றார்கள். ரேசன் கடை வரிசையை அவர் ஒரு நாள் தெரியாத்தனமாகப் பார்த்துத் தொலைக்க, வரிசை வளைந்து கடைசியில் நின்றவள் முதலில் நின்றவளுக்கும் முன்னே வந்துவிட்டாள், அன்றைக்கு அங்கே நடந்த பேச்சை எழுத முடியாது. ஆனால் எங்கே போனாலும் ஜனங்கள் கடைசியில் சொன்னது ஒன்றுதான். "அண்ணாச்சி, ஊசி கீசின்னு போயிராதீய. ரோடு நிமிந்துரும்."

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஊருக்காக ஒரு கண்ணைக் கொடுக்க மாட்டேனா?" என்பார். திங்கட்கிழமை போய் அடுத்த திங்கட்கிழமை வந்தது, அதுவும் போனது. பயத்துக்கு வேட்டி கட்டி, துண்டு போட்டு, தியாகம் என்று பெயர் வைத்து ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார் மனுசன். சண்முகக்கனிக்கு அது தெரியாதா? தினமும் காலையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். முதல் மாசம் புள்ளியைச் சுற்றிப் புகை என்றார். பிறகு புள்ளி தெரியவில்லை என்றார். அறுபத்தைந்தாம் நாள், "அட்டை எங்கட்டி?" என்றார். அவள் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, வகிடு காதோரத்தில் போகிற தலையோடு, அடுத்த பஸ்ஸில் ஏறி ஓடைக்கரையில் இறங்கினாள்; கொத்தனாரையும் கையைப் பிடித்து இறக்கினாள்.

"எல்லாரும் வாங்க. இந்த மனுசன் கண்ணு அவிஞ்சுக்கிட்டிருக்கு. அவுக உங்களுக்காகத்தான் ஊசி போடாம இருக்காகளாம். போடவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

லூர்து கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. டிரைவர் சவரிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமி, "ஆண்டவன் ரெண்டு கண்ணு கொடுத்திருக்கான். ஒண்ணு நல்லாத்தானே இருக்கு..." என்று இழுத்தார்.

பீடித்தட்டு 'டங்' என்று பெஞ்சில் விழுந்தது. அற்புதமணி எழுந்து வந்தாள்.

"ஏன், உமக்கும் ரெண்டு காது இருக்கு, ஒண்ணை அறுத்துத் தாரும். என் முட்டு தேஞ்சா ஓடைக்கரையில ஒரு முட்டு தேஞ்சுச்சு, அவ்வளவுதான். இவுக கண்ணு போனா நாளைக்கு உலகம் என்ன சொல்லும்? ஓடைக்கரைக்காரிய ஒரு மனுசன் கண்ணைத் தின்னுட்டுப் பஸ் ஏறுதாளுவன்னுல்லா சொல்லும்!" பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மெய்யாச் சொல்லுங்க. நீங்க எங்களுக்காகவா போகாம இருக்கீய?"

கொத்தனார் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பெஞ்சைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அத்தனை பேர் வைத்திருந்த நம்பிக்கைக்கு முன்னால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல தாயி" என்றார். "பயமா இருக்கு. கண்ணுக்குள்ள ஊசின்னா எனக்கு ஈரக்குலை நடுங்குது."

யாரும் சிரிக்கவில்லை. லூர்து மட்டும் ஒரு டீயைப் போட்டு அவர் கையில் கொடுத்தான்.

"பயந்தானே?" என்றாள் அற்புதமணி. "அதுக்கு நான் கூட வாரேன். மைனி, நாளைக்குக் காலம்பற ஆறரை வண்டி."

ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் சண்முகக்கனியும் இன்னொரு பக்கம் அற்புதமணியும் கதவு வரைக்கும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்பால் அவர் தனிதான். பச்சைத் தொப்பி மாட்டினார்கள், மரத்துப்போகிற சொட்டு விட்டார்கள், பழுப்பு மருந்தால் கழுவினார்கள், முகத்தில் துணி போட்டு ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள், இமை மூடாமல் கம்பி வைத்தார்கள். கொத்தனார் வாயில் குலசாமி பெயர்கள் வரிசை மாறி வந்தன. அப்போது டாக்டரம்மா கையில் சின்னதாக என்னவோ மின்னியது, கவராயம் மாதிரி இரண்டு கால் உள்ளது, அதைக் கண்ணுக்குமேல் வைத்து எடுத்தாள்.

"என்னம்மா செய்யீய?"

"அளக்கிறேன்யா. கருவிழி ஓரத்துலருந்து நாலு மில்லி தள்ளித்தான் ஊசி போடணும். முன்னாடியும் போகக்கூடாது, பின்னாடியும் போகக்கூடாது."

"ஒண்ணேகால் நூலு" என்றார் கொத்தனார், துணிக்குள்ளிருந்து.

"எதுய்யா?"

"ஒண்ணுமில்லம்மா. எங்க கணக்கு." அவர் உடம்பு கட்டிலில் தளர்ந்தது. ஒரு நூல் பிசகினால் சுவர் என்ன ஆகும் என்று தெரிந்தவர் அவர்; வைக்கிறதற்கு முன்னால் அளக்கிற கையை முப்பது வருசமாக நம்பிப் பிழைத்தவர். "வையுங்கம்மா" என்றார். மேலே பார்க்கச் சொன்னாள், பார்த்தார். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாற்போல இருந்தது. கண்ணுக்குள் தண்ணீரில் சாயம் கரைகிற மாதிரி என்னவோ சுருள் சுருளாக இறங்கியது. அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது பார்வையின் கீழ் ஓரத்தில் கறுப்பாக, உருண்டையாக ஒரு குமிழி மிதந்தது. ஊசியோடு ஒரு துளி காற்றும் போயிருக்கும், ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும், ஆனால் வலியோ, சிவப்போ, பார்வை மங்கலோ கூடினால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கொத்தனார் தலையை வலப்பக்கம் சாய்த்தார், குமிழி உருண்டது. இடப்பக்கம் சாய்த்தார், திரும்பி உருண்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, கண்ணுக்குள்ள ரசமட்டம் வச்சுவிட்டிருக்காங்கட்டி!"

பஸ்ஸில் வீடு வரைக்கும், வளைவு வந்தாலும் பள்ளம் வந்தாலும், அந்தக் குமிழி நடுவை விட்டு நகராமல் தலையை மட்டமாகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் விடிகாலை குமிழி கரைந்திருந்தது. சண்முகக்கனி கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வகிடு நடு உச்சியில் நேராக ஓடியது. தொட்டுப் பார்த்துவிட்டு அவர் எதிரே வந்து, வலது கண்ணைப் பொத்தினாள்.

"மூக்கு?"

"மங்கலா இருக்கு" என்றார். "ஆனா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொத்தனாருக்கோ மூக்கு கிடைத்த சந்தோசம் முழுசாக நிற்கவில்லை. வகிடு நிமிர்ந்தால் ரோடும் நிமிர்ந்திருக்குமே. சட்டையைக்கூட மாட்டாமல் வயல் வழியாக ஓடைக்கரைக்கு ஓடினார். நினைத்தபடிதான். ரோடு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பழைய இடத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. புளியமரங்கள் திரும்பி வந்து நின்றன. ரோடு கிடந்த இடத்தில், ஏறக்குறைய எழுபது நாள் பஸ் ஓடிய பாரத்தில் இறுகிப்போன செம்மண் மட்டும் வளைந்து கிடந்தது. ஓடைக்கரை ஜனம் முழுக்க லூர்து கடை முன்னால் நின்றது, அவரை ஒரு குறையும் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அற்புதமணி பீடித்தட்டைத் தலையில் தூக்கி வைத்தாள். "கண்ணு தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அது போதும்" என்று சொல்லிவிட்டு, முட்டைப் பிடித்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்தாள்.

ஆறரை ஆயிற்று. தூரத்தில் நேரான ரோட்டில் பஸ் வந்தது. ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பஸ், போட்டுவைத்த தாரை விட்டு, இண்டிகேட்டரும் போட்டு, வடக்கே திரும்பி, செம்மண்ணில் இறங்கி, புழுதி கிளப்பி, புளியமரத்துக்குப் புளியமரம் ஒதுங்கி ஒதுங்கி, ஆடி அசைந்து வந்து, லூர்து கடைக்கு நேரே நின்றது. கண்டக்டர் மண்டையில் வீங்கியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"ஏ சவரிமுத்து," என்றார் கொத்தனார், மூச்சு வாங்க, "ரோடு நிமிந்துட்டுவே! நீ பாக்கலயா?"

சவரிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"ரோட்டை யாரு பாத்தா? இங்க ஆளு நிக்குல்லா" என்றான். "ஏறுங்க, நேரமாச்சு."

அற்புதமணிதான் முதலில் ஏறினாள்.

பிறகு அந்த என்ஜினியர் மேப்பும் ரப்பருமாக வந்து, மேப்பில் வளைவு இருக்கிறது, பஸ்ஸும் போகிறது, நடுவில் தார் மட்டும்தான் இல்லை என்று கண்டு, ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டு தாருக்கு எழுதிப்போட்டார். கொத்தனார் மாசம் ஒரு தடவை ஊசிக்குப் போகிறார். மூக்கு மாசத்துக்கு மாசம் தெளிகிறது, முன்னே இருந்த கண் முழுசாக வரும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தூக்குக்குண்டை இப்போது மெய்யாகவே விடுகிறார். மாசக் கடைசியில் மட்டும் கொஞ்சம் நீர் கோத்துக்கொண்டு அட்டையில் ஒரு கோடு லேசாக நெளியும். அன்றைக்குப் பஸ்ஸில் ஏறினதும் சண்முகக்கனி அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, முந்தானையை நாலாக மடித்து, இடது கண்ணை இறுக்கிப் பொத்திவிடுவாள்.

"ஏட்டி, மூச்சு முட்டுது."

"முட்டட்டும்" என்பாள். "ரோடு இப்பத்தான் சரியான கோணலுக்கு வந்திருக்கு. நீங்க பாத்துத் தொலையாதீய."